ஜெயா வூட்டு நெட்டு

ஜெயா: தொடாதீங்க... தொடாதீங்கன்னு சொன்னேன்ல!

சாமிநாதன்: தொடல ஜெயா. சும்மா பாத்தேன்.

ஜெயா: பாக்கறதுக்கு எதுக்கு வெரலு? கண்ணால பாருங்க. இன்னா கலரு எரியுது?

சாமிநாதன்: செகப்பு.

ஜெயா: மூணாவது லைட்டா?

சாமிநாதன்: மூணாவதுன்னா... இந்தப் பக்கத்துலேர்ந்தா, அந்தப் பக்கத்துலேர்ந்தா?

ஜெயா: ஒரு கரும்புல எத்தினி கணுன்னு வரப்புல நின்னே சொல்லுவீங்க. ரவுட்டர்ல நாலு லைட்ட எண்ணத் தெரியல.

சாமிநாதன்: கரும்பு இப்பிடி மினுக்கு மினுக்குன்னு கண்ணடிக்காதுடி.

ஜெயா: செகப்பு எதுக்கு எரியுது... எரியக் கூடாதே...

சாமிநாதன்: செகப்புன்னா இன்னா, போச்சுன்னு அர்த்தமா?

ஜெயா: ரவுட்டருக்கு நெட்டு வரலன்னு அர்த்தம். அது எப்பிடி வராம போவும்?

சாமிநாதன்: எப்பிடியோ... அதான் போச்சுல்ல. வள்ளியக்காவுக்கு போன் போட்டு சொல்லிடட்டா? பிரான்சுக்காரங்க கிட்ட இன்னொரு நாளைக்கு வெச்சிக்கலாம்னு சொல்லிடும்.

ஜெயா: கம்னு இருங்க. மாப்ள வூட்டுக்காரங்க நாலு மணிக்கு வீடியோல பொண்ணு பாக்க வராங்க. ஒங்க அக்கா வில்லியனூர் பூரா தம்பட்டம் அடிச்சி வெச்சிருக்குது. இந்த நேரத்துல நெட்டு இல்லன்னா நல்லாவா இருக்கும்?

சாமிநாதன்: நெட்டு போனா நாம இன்னா பண்றது? கெவருமெண்டு பஸ்ஸே வழில நின்னுடுது.

அர்ச்சனா: யம்மா... சரியாச்சா?

ஜெயா: ஆவல பாப்பா. நீ மொதல்ல அந்தப் பூவ ஒழுங்கா வெய்யி, ஒரு பக்கமா சாயுது.

அர்ச்சனா: பொறுமையா பாரும்மா. ஒண்ணும் அவசரமில்ல.

சாமிநாதன்: அதத்தான் நானும் சொல்றேன். அவசரமே இல்ல.

ஜெயா: ரெண்டு பேரும் உள்ள போங்க. இல்ல, நீங்க இருங்க. இந்தக் குட்டி ஃபேன புடிங்க.

சாமிநாதன்: ஃபேனா? எனக்கா காத்து?

ஜெயா: ரவுட்டருக்கு! சூடா கீது பாருங்க.

சாமிநாதன்: அடுப்புக்குக்கூட நான் இப்பிடி விசிறினது இல்லடி. நல்லாப் போயிகினு இருந்த நெட்ட, ‘இன்னும் வேகமா ஆக்கறேன்’னு நோண்டினல்ல போன வாரம்... அப்பவே நெனச்சேன்.

ஜெயா: பக்கத்து சார்லஸ் வூட்டு வைஃபையும் நம்ம வைஃபையும் ஒரே சேனல்ல முட்டிகினு கெடந்துச்சு. பிரிச்சி வுட்டேன். அது நல்ல வேலதான்.

சாமிநாதன்: நம்ம பையன் புகழு அந்தப் பழைய கம்ப்யூட்டர வுட்டுட்டு மெட்ராஸ் போனதுலேர்ந்து, ஒனக்கு இதே பொழப்பு. பொங்கலுக்கு வூட்டுக்கு வெள்ள அடிக்க சொன்னா, செவுத்துல ஒயரு அடிக்கிற.

ஜெயா: ஒயரு அடிச்சதாலதான் மோட்டாரு கொட்டாய் வரைக்கும் ஒங்களுக்கு கிரிக்கெட்டு வருது. ஆஃப் பண்ணிட்டு போடறேன், பாருங்க.

சாமிநாதன்: பாக்கறேன்.

ஜெயா: இன்னா?

சாமிநாதன்: ஒண்ணும் எரியல.

ஜெயா: இன்னும் போடவே இல்ல.

சாமிநாதன்: சரி, போடு.

ஜெயா: இப்போ?

சாமிநாதன்: பச்ச... இன்னொரு பச்ச... செகப்பு.

ஜெயா: சே! நான் வெச்சதுக்கு இது எரியாதே...

சாமிநாதன்: நீ இன்னா வெச்ச?

ஜெயா: ஆங்? ஒண்ணுமில்ல. போன வாரம் ஒரு செட்டிங்கு வெச்சேன், அத சொன்னேன்.

சாமிநாதன்: வுட்டுடு ஜெயா. வேர்த்து கொட்டுது பாரு. ஒரு டீ போடு, குடிச்சிட்டு அக்காவுக்கு...

ஜெயா: வுட முடியாதுங்க. எனக்குத் தெரியாம என் நெட்டு எப்பிடி நிக்கும்? எதனால நின்னுச்சுன்னு பாக்காம எனக்கு டீ எறங்குமா?

சாமிநாதன்: போன்ல பேசினா ஆவாதா? மூஞ்சி தெரியும்ல?

ஜெயா: நம்ம ஊர்ல டவரு ஒரு புள்ளிதான் காட்டும். பொண்ணு மூஞ்சி கட்டம் கட்டமா தெரியும். தள்ளுங்க, பின்னாடி ஒயர பாக்கறேன்.

சாமிநாதன்: ஒயருல்லாம் நல்லாத்தான் கீது!

ஜெயா: ஒங்களுக்கு எப்பிடி தெரியும்?

சாமிநாதன்: காலைல மாட்டுக்குத் தண்ணி காட்டசொல்ல பாத்தேன்... மாட்டுக் கொட்டாய்லேர்ந்து வூடு வரைக்கும் ஒயரு ஜம்முனு இருந்துச்சு.

ஜெயா: மாட்டுக்குத் தண்ணி காட்டசொல்ல என் ஒயர எதுக்குப் பாத்தீங்க? இத்தன வருசத்துல ஒரு நாளாவது நிமிந்து பாத்திருக்கீங்களா?

சாமிநாதன்: இன்னைக்கு முக்கியமான நாளாச்சே, அதான்...

ஜெயா: வாங்க கொட்டாய்க்கு.

சாமிநாதன்: அங்க சாணியா கெடக்குது ஜெயா. புதுப் பொடவ.

ஜெயா: நெட்டு கம்பெனிக்காரன் போஸ்டு பக்கத்துல கீதுன்னு பாக்ஸ கொட்டாய்லதான வெச்சிட்டுப் போனான்? அங்கேர்ந்துதான் ஹாலுக்கு நான் ஒயரு இழுத்தேன். பாக்ஸுல பச்ச எரிஞ்சா நடுவுல ஒயருலதான் கோளாறு. நடங்க.

சாமிநாதன்: நான் பாத்துட்டு வந்து சொல்றேன், நீ இரு.

ஜெயா: லைட்ட எண்ணத் தெரியாதவரு பாத்து சொல்லப் போறாரு. வழிய வுடுங்க.

சாமிநாதன்: பாத்து... பாத்து வழுக்கும்...

ஜெயா: பாருங்க! பாக்ஸுல பச்ச. கம்பெனிக்காரன் நெட்டு குடுக்கறான். அப்பன்னா ஒயரு... இப்பிடி செவுத்து ஓரமா வந்து... இங்க எறங்கி... ஐயய்யோ!

சாமிநாதன்: எலி.

ஜெயா: நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே?

சாமிநாதன்: இல்ல, நீ ஐயய்யோன்னியா... எலியாத்தான் இருக்கும்னு...

ஜெயா: ஒயரு ரெண்டு துண்டா கெடக்குது.

சாமிநாதன்: பெருச்சாளி! இல்லன்னா ஆடு. சார்லஸ் வூட்டு ஆடு இங்கதான் சுத்தும்.

ஜெயா: சார்லஸ் ஆட்ட வித்துட்டு ஸ்கூட்டர் வாங்கிட்டான்.

சாமிநாதன்: அப்ப எலிதான்.

ஜெயா: எலி கடிச்சா நார் நாரா தொங்கும். இது ஒரே போடு. பாருங்க எவ்ளோ சுத்தமா கீது...

சாமிநாதன்: ஆமா, நல்லாத்தான்... இல்ல, எங்க, தெரியல எனக்கு.

ஜெயா: ஏங்க.

சாமிநாதன்: இன்னா.

ஜெயா: இந்த ஒயரு நெஞ்சு ஒசரத்துக்கு செவுத்துல போவுது. வெட்டறவன் நின்னுகினே வெட்டியிருக்கலாம். அத வுட்டுட்டு, குனிஞ்சு, தரையோட தரையா வெட்டியிருக்கான். ஒயர அடியோட வெட்டறவன் இந்த ஊர்ல யாருங்க?

சாமிநாதன்: கைப் பழக்கம் ஜெயா.

ஜெயா: கைப் பழக்கமா!

சாமிநாதன்: கரும்ப மேல வெட்டினா கட்ட நின்னுடும். கட்ட நின்னா மறுவருசம் அதுலேர்ந்து தாம்பு சரியா மொளைக்காது. கத்தி கைல இருந்தா எனக்கு தானா இடுப்பு வளையுது, நான் இன்னா பண்ண?

ஜெயா: என் லேன் கேபிளு மறுதாம்பு வுட்டு மொளைக்கப் போவுதா?

சாமிநாதன்: கத்தாத. பாப்பாவுக்கு கேக்கும்.

ஜெயா: கேக்கட்டும். எதுக்கு வெட்டினீங்க? அத சொல்லுங்க மொதல்ல. ஏங்க... இன்னாங்க இது, கண்ணு ஏன் இப்பிடி...

சாமிநாதன்: பிரான்சு ஜெயா. இங்க கெடக்குற பிரான்சா அது? புகழு மெட்ராஸ் போனான், தீபாவளிக்குத் தீபாவளி தலைய காட்டறான். இவளும் போயிட்டா நான் யார பாத்துகினு இருப்பேன்? பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரில டூட்டி முடிச்சு பஸ்ஸ வுட்டு எறங்கி வருவா பாரு, ‘யப்பா, சாப்ட்டியா’ன்னு வாசல்லேர்ந்தே கேட்டுகினு... அத கேட்டாத்தான் எனக்கு சோறு எறங்குது.

ஜெயா: இத வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?

சாமிநாதன்: ஒனக்கு ஆசன்னு நெனச்சேன். ஜாங்கிரிக்கு சொல்லி வெச்ச. புதுசா கேமராலாம் வாங்கின.

ஜெயா: கேமரா எனக்குப் புடிச்சி வாங்கினதுங்க! தவளக்குப்பத்துல ஆஃபர்ல போட்டிருந்தான். கல்யாணம் இல்லன்னாலும் வாங்கியிருப்பேன்.

சாமிநாதன்: அப்ப ஜாங்கிரி?

ஜெயா: நீங்கதான டீக்கடையில ‘பிரான்சு மாப்ள, பிரான்சு மாப்ள’ன்னு மார தட்டிகினு திரிஞ்சீங்க? ஒங்க சந்தோசத்த கெடுப்பானேன்னுதான்...

சாமிநாதன்: அக்கா எதிர்ல இருந்துச்சு ஜெயா. அது மூஞ்சிக்கு நேரா எப்பிடி வேணாங்கறது? ஆமா... ‘கெடுப்பானேன்’னா? அப்ப ஒனக்கு...?

ஜெயா: நீங்க ஒயர வெட்டலன்னாலும் இன்னைக்கு கால் வந்திருக்காதுங்க.

சாமிநாதன்: ஏன்?

ஜெயா: ரவுட்டர்ல பூட்டு போட்டு வெச்சிருக்கேன். ராத்திரி வரைக்கும் வீடியோ கால் மட்டும் வராது. வட்டமா சுத்திகினே இருக்கும்.

சாமிநாதன்: அடிப்பாவி!

ஜெயா: நானும் பெத்தவதான? பக்கத்துல கடலூர், விழுப்புரம்னா சரின்னு வுடலாம். அவளுக்கு தல வலின்னா நான் ஏரோப்ளேன்லயா தைலம் எடுத்துகினு போறது?

சாமிநாதன்: இரு, இரு... நெட்டு நிக்கணும்னுதான் ஒனக்கும். நின்னுச்சு. அப்புறம் எதுக்குடி என்ன ரவுட்டருக்கு விசிற வுட்ட? எதுக்கு இந்த சாணில இழுத்துகினு வந்த?

ஜெயா: நான் போட்ட பூட்டுக்கு பச்ச லைட்டுதாங்க எரியணும்! செகப்பு எரிஞ்சா நான் எப்பிடி சும்மா இருப்பேன்?

சாமிநாதன்: பொண்ணு போறத வுட ஒனக்கு லைட்டு கலரு மாறினதுதான் பெருசு...

ஜெயா: ரெண்டும் பெருசுதான். அந்த டப்பாவ எடுங்க. கத்திரி, கிளிப்பு, ஜாயிண்டு எல்லாம் அதுலதான் கீது.

சாமிநாதன்: சரி பண்ணப் போறியா? பைத்தியமா ஒனக்கு?

ஜெயா: தெருவுல பாதி வூட்டுக்கு நான் நெட்டு பாக்கறேன். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு ஜெயா வூட்டுல நெட்டு இல்லன்னா, ஒங்க அக்கா இத சாவற வரைக்கும் சொல்லிகினே இருக்கும். கால் வரட்டும். பாத்துட்டு நீங்க ஜாதகம் சரியில்லன்னு சொல்லிடுங்க.

சாமிநாதன்: ஜாதகம் பாத்ததே அக்காதான்.

ஜெயா: அப்ப மாப்ள மூக்கு சரியில்லன்னு சொல்லுங்க. புடிங்க இத. வெள்ள ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ள பச்ச, நீலம்... வரிசையா வெய்யுங்க. நாத்து நடறவருக்கு வரிச புடிக்கத் தெரியாதா?

சாமிநாதன்: நாத்து இவ்ளோ பொடிசா இருக்காது... ஆங், வெச்சிட்டேன்.

ஜெயா: அழுத்திப் புடிங்க... நல்லா... அவ்ளோதான். உள்ள போயி பாக்கலாம், வாங்க.

சாமிநாதன்: பச்ச! ஜெயா, மூணாவதும் பச்ச!

ஜெயா: எனக்குத் தெரியும். இருங்க, பூட்ட எடுக்கறேன்... எடுத்தாச்சு. பாப்பா! வந்து கம்ப்யூட்டர் எதிர்ல ஒக்காரு!

அர்ச்சனா: சரியாயிடுச்சாம்மா? இன்னாவாம்?

சாமிநாதன்: எலி.

ஜெயா: ஆமா பாப்பா. பெரிய எலி. வேட்டி கட்டின... அத வுடு, நேரா ஒக்காரு.

சாமிநாதன்: மணி நாலாவுது.

ஜெயா: வரும். நம்ம பக்கம் எல்லாம் சரியா கீது. அந்த ஜாங்கிரிய மூடி வெய்யுங்க.

சாமிநாதன்: மூடி வெச்சு நாலேகாலும் ஆச்சு. வரலியே.

ஜெயா: அவங்க வூட்டு நெட்டு மெதுவா இருக்கும். பிரான்சுல யாரு இந்த மாதிரி சேனலு பிரிச்சு வெக்கறா?

சாமிநாதன்: இல்ல ஜெயா, ஒரு போன் போட்டாவது சொல்ல மாட்டாங்களா? பொண்ண அலங்காரம் பண்ணி ஒக்கார வெச்சிருக்கோம். நாம இன்னா கையாலாவாதவங்களா?

ஜெயா: அதான! நம்ம பொண்ணுக்கு இன்னா கொறச்சல்? ஆஸ்பத்திரில டாக்டருங்களே இவள கேட்டுத்தான் ஊசி போடறாங்க.

சாமிநாதன்: அந்தப் பையன் போட்டோல இருக்கற மூஞ்சிக்கு இவ்ளோ திமிரா? நம்மள வேணாங்கறதுக்கு அவன் யாரு?

ஜெயா: ஒங்க அக்காவுக்கு போன் போடுங்க. நானே கேக்கறேன். நாலு வார்த்த நறுக்குனு கேக்காம வுட மாட்டேன்!

அர்ச்சனா: யம்மா, அத்தைக்கு போடாத. அத்தைக்கு தெரியும்.

ஜெயா: இன்னா தெரியும்?

அர்ச்சனா: அவரு வேணாம்னு சொல்லல. நாந்தான் சொன்னேன். முந்தாநேத்து ஆஸ்பத்திரிலேர்ந்து பேசினேன். அங்க வந்து நர்ஸ் வேலைக்குப் போவேன்னு சொன்னேன். அதெல்லாம் எதுக்கு, வூட்டப் பாத்துகினு இருந்தா போதும்னாரு. அப்ப எங்க வூட்டயே பாத்துக்கறேன்னு சொல்லி வெச்சிட்டேன்.

சாமிநாதன்: அப்ப... நாலு மணிக்கு...

அர்ச்சனா: யாரும் கூப்பிட மாட்டாங்கப்பா. வூட்டுல நானே சொல்லிக்கறேன்னு அத்தைகிட்ட சொல்லிட்டேன்.

ஜெயா: முந்தாநேத்தேவா? அப்புறம் எதுக்குடி இவ்ளோ அலங்காரம்? காலைலியே சொல்றதுக்கு இன்னா?

அர்ச்சனா: சொல்லலாம்னுதான் வந்தேன். அப்பா கத்தி எடுத்துகினு கொட்டாய்க்குப் போனாரு. நீ ரவுட்டர்ல பூட்டு போட்ட... அந்த ரவுட்டர் ஆப் என் போன்லயும் கீதும்மா. ரெண்டு பேர்ல ஒருத்தராவது என் மூஞ்ச பாத்து ‘போவாத பாப்பா’ன்னு சொல்லுவீங்கன்னுதான், காலைலேர்ந்து பூ வெச்சிகினு ஒக்காந்திருக்கேன்.