ஐந்தாவது புகழுரை

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன்: நாளை மதியம்வரை ஒருவருக்கும் காட்டாதீர்கள். பள்ளி விழாவில் நான் சொல்லப்போகும் நன்றியுரை இது. தலைமையம்மா எழுதிக் கொடுத்தது வேறு.

தலைமை தாங்கும் தலைமையம்மா அவர்களே, அவருடைய தம்பியும் தம் கவிதை நூலைத் தாமே தடவித் தடவிப் பார்ப்பவருமான பெரிக்ரின் டால்பட் ஐயா அவர்களே, லண்டனிலிருந்து இந்த ஹாக்னிப் பள்ளிவரை சேறு மிதித்து வந்த பெரியோர்களே, தாய்மார்களே, மாணவி உர்சுலாவின் பணிவான வணக்கம்.

ஜேம்ஸ் மன்னர் அரியணை ஏறியபின் எத்தனை கவிதை நூல்கள்! புத்தகக் கடைகளில் வாங்குவோரைவிட எழுதியோர் கூட்டமே அதிகம். நூல் என்றால் அதன் தொடக்கத்தில் நண்பர்களின் புகழ்க்கவிதை வேண்டும். வேண்டுமா, வேண்டாமா? வேண்டும். ஐயாவை நான்கு நண்பர்கள் பாடினார்கள். நால்வரும் ஒரே மையில், ஒரே இறகுப் பேனாவில், ஐயாவின் மேசையில் அமர்ந்தே பாடினார்கள். பின்வரிசையில் சிரிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது.

அச்சுக்குப் படியெடுக்கும் வேலை எங்கள் எழுத்தாசிரியை, தாமசின் என்னும் அம்மாவிடம் வந்தது. புகழ்ப் பக்கங்களை என்னிடம் தந்தார். நான்கையும் எழுதினேன். கை நிற்கவில்லை. ஐந்தாவதாக ஒன்றை நானே எழுதிச் செருகினேன்:

"சாகக் கிடந்தவன் காதில் இக்கவி ஓதினர்;
எழுந்தான், நடந்தான், வாசலைத் தாண்டினான்."

பெயரில்லாத பக்கம். ஐயா விசாரித்தாரா? புகழ்ச்சியிடம் யார் முகவரி கேட்பார்கள்? அச்சேற்றினார். விருந்துதோறும் அதையே வாசித்தார். சென்ற வாரம் இங்கே வாசித்தபோது புத்தகக் கடைக்காரரின் மனைவி கேட்டார்.

"எந்திரிச்சவன் எங்கய்யா போனான்?"

"எங்க போனா என்னம்மா? நடந்தான்ல, அதான் என் கவிதையோட சக்தி."

"இல்ல, மிச்சத்தையும் படிச்சிருவாங்கன்னு ஓடிட்டானோன்னு கேட்டேன்."

ஆட்டிறைச்சி அப்பம் ஆறும்வரை மேசை சிரிப்பில் குலுங்கியது. ஐயாவின் முகம் மட்டும் கஞ்சி போட்ட கழுத்துப்பட்டையாய் வெளுத்தது.

அந்த வரிகளை எழுதியது யாரென்று பார்க்க, மறுநாளே அச்சகத்திலிருந்து கையெழுத்துப் படியை வரவழைத்தார்கள். எழுத்தாசிரியையிடம் பழகிய என் எழுத்து, அவர் எழுத்தைப் போலவே இருக்கும். இன்று விழா முடிந்ததும் பள்ளியைவிட்டுப் போகும்படி அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "என் எழுத்துதாம்மா," என்று தலைமையம்மாவிடம் சொன்னார். அவ்வளவுதான். கணவனில்லாத, வீடில்லாத அவர் எங்கே போவார்? இந்தக் குளிரில் எந்தக் கதவு அவருக்குத் திறக்கும்?

பெரியோர்களே, கேலி செய்தது அவர் கையல்ல. பக்கத்தைச் செருகியது அவர் கையல்ல. பழி சுமக்க வேண்டியதும் அவர் கையல்ல. இதோ, நீட்டுகிறேன், இந்தக் கை! பிரம்படி இதற்கு. வேலை அவருக்கு. ஐயாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அந்த நூலில் ஊரே மனப்பாடமாகச் சொல்வது இரண்டே வரிகள். அவற்றை எழுதியவள் நான்.

பாதியில் என்னை இறக்கிவிடாமல் கேட்டிருந்தீர்களானால், உங்கள் அனைவருக்கும் என் நன்றியையும் வணக்கத்தையும்

கதவைத் தட்டுகிறார்கள். தலைமையம்மாவின் குரல். மெழுகுவர்த்தியை