ஹோசியா டார்ப்ளி குடிச்சதே இல்ல

எனக்கு இல்ல டீச்சர், எனக்கு நல்லாவே படிக்கத் தெரியும். கவுண்டி சர்க்கார் ஆபீஸ்ல இருபது வருஷம் டைப் அடிச்சவ நான். எங்க வீட்டுக்காரருக்குத்தான் கேக்க வந்தேன். ஐயோ, ஜன்னல் பக்கம் போகாதீங்க. அந்தப் பச்ச ப்யூக் வண்டியிலதான் உக்காந்திருக்காரு. பாக்காதீங்கன்னு சொல்றேன்ல, நீங்க எட்டிப் பாத்தா அவருக்குப் புரிஞ்சிரும். எரவல் வாங்குன புஸ்தகத்தத் திருப்பிக் குடுத்துட்டு வரேன்னு சொல்லிட்டு எறங்கியிருக்கேன். லைப்ரரிக்குள்ள இப்படி ஒரு ரூம் இருக்கு, வயசானவங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுக்கறாங்கன்னு அவருக்குத் தெரியவே தெரியாது.

பேரா? பேரச் சொல்லத்தான் வாய் வரல. நீங்க சின்னப் பொண்ணு, உங்களுக்குத் தெரியாது, உங்கம்மாவக் கேட்டா தெரிஞ்சிருக்கும். ஹோசியா டார்ப்ளி.

பாத்தீங்களா, தெரியுது. உங்கம்மா அந்த ரெக்கார்டு வச்சிருந்தாங்களா? ஞாயித்துக்கெழம மத்தியானம் துணி தேய்க்கும்போது போடுவாங்களா? ஆமா, அதேதான், ‘இன்னொரு தட்டு எடுத்து வை.’ வீட்ட விட்டுப் போன புருஷன் திரும்பி வந்து, வாசல்ல நின்னுகிட்டு, உள்ள மேசையில எனக்கும் ஒரு தட்டு வைம்மான்னு கெஞ்சறது. ரெண்டாவது சரணம் முடிஞ்சதும் ஒரு கத்து கத்துவாரு இல்ல? அது தாள்ல எழுதி வச்சுப் பாடுனது இல்ல கண்ணு. அது அவரு வயித்துக்குள்ளேருந்து வந்தது. அதக் கேட்டு அழாத பொம்பள அன்னிக்கு இந்த மெம்ஃபிஸ் ஊர்லயே கெடையாது.

அவரேதான். அவருக்குத்தான் ஏ எது, பி எதுன்னு தெரியாது.

சிரிக்கலையே நீங்க? இல்ல, சிரிக்கலன்னு தெரியுது. மன்னிச்சுக்கங்க. நாங்க அப்படியே பழகிட்டோம், யாரு மொகத்தப் பாத்தாலும் அதத்தான் தேடுவோம்.

அவரு மிசிசிப்பிப் பக்கம். பருத்திக் காடு. வெள்ளக்காரத் தொரையோட நெலத்துல குடும்பமே வேல செய்யும். பருத்தி எடுக்கற காலத்துல எங்க கறுப்புப் பிள்ளைங்களுக்கு ஸ்கூல் கெடையாது, காடு காலியான பிறகுதான் போகலாம். அப்படி ரெண்டு குளிர்காலம் போயிருக்காரு. அதுலயும் டீச்சரம்மா எழுந்து நின்னு படிடான்னு சொன்னா, முன்னாடி படிச்ச பையன் சொன்னத அப்படியே ஒப்பிப்பாரு. அவரு காதுல ஒரு தடவ விழுந்தா போதும், ஒட்டிக்கும். ஒரு நாளு அந்தம்மா கிட்ட வந்து பாத்தா, புஸ்தகம் தலைகீழா இருக்கு. எல்லாப் பிள்ளைங்களும் விழுந்து விழுந்து சிரிச்சிருக்காங்க. அந்தம்மாவும் சிரிச்சுச்சாம். அதோட சரி, அந்தப் படி ஏறல.

எனக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னா... கல்யாணத்துக்கு முன்னாடி தெரியாது டீச்சர், சத்தியமா தெரியாது. நாங்க ரெண்டு பேரும் ஒரே சர்ச்சு கொயர்ல பாடினோம். அவரு பாட்டுப் புஸ்தகத்தத் தொறந்து கையில ஏந்திகிட்டு நிப்பாரு. பக்கமே திருப்ப மாட்டாரு. எனக்கு அது ஒரு ஸ்டைலாத் தெரிஞ்சுது! எல்லாப் பாட்டும் மனப்பாடம், என்னா பக்தின்னு நெனச்சுகிட்டேன்.

கல்யாணமாகி ரெண்டு மாசம் இருக்கும். எங்கக்காவுக்குப் பிரசவ வலின்னு ஆள் வந்துச்சு. அவரு வேலைக்குப் போயிருந்தாரு. நான் ஒரு தாள்ல, அக்கா வீட்டுக்குப் போறேன், சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, காலையில வந்துருவேன்னு எழுதி மேசையில வச்சுட்டுப் போனேன். மறுநாள் காலையில வந்து பாத்தா, போட்டிருந்த சட்டையோட அதே நாற்காலியில உக்காந்திருக்காரு. கையில அந்தத் தாளு. சாப்பாடு தொடல. கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. என்னப் பாத்ததும் கேட்டாரு, துணிமணி எடுக்க வந்தியான்னு.

எனக்கு ஒண்ணும் புரியல. என்னா துணிமணின்னு கேட்டேன். விட்டுட்டுப் போறேன்னு எழுதி வச்சியே வெர்னெல், நான் என்னா தப்பு செஞ்சேன்னு சொல்லிட்டாவது போங்கறாரு.

பக்கத்து வீட்டுல நாலு பேரு இருக்காங்க. கீழ் வீட்டுல ஒரு ரிடையர்டு வாத்தியாரே இருந்தாரு. போய் இத என்னான்னு படிச்சுச் சொல்லுங்கன்னு கேட்டிருந்தா ஒரு நிமிஷம். பொண்டாட்டி ஓடிட்டான்னு விடிய விடிய நெனச்சுகிட்டு உக்காந்திருந்தாலும் இருப்பேன், அதக் கேக்க மாட்டேன்னு இருந்திருக்காரு. அப்பத்தான் டீச்சர், அந்த வெக்கம் எவ்ளோ பெருசுன்னு எனக்குத் தெரிஞ்சுது.

நான் யாருகிட்டயும் சொல்லல. எங்கக்காகிட்ட கூட. அதுக்கப்புறம் நான்தான் அவரு கண்ணு. ரெக்கார்டுக்குப் பாட ஆரம்பிச்ச பிறகு, புதுப் பாட்டு வந்தா, நான் பாத்திரம் கழுவிகிட்டே படிச்சுக் காட்டுவேன், அவரு தொடச்சு அடுக்கிகிட்டே கேப்பாரு. ரெண்டாவது தடவ நான் படிக்கும்போது கூடவே பாடுவாரு. ஸ்டூடியோவுல பாத்தவங்க அசந்து போவாங்க, இந்த மனுஷன் தாளையே தொட மாட்டேங்கறாரு, நெஞ்சுலேருந்து பாடறாருன்னு. மேனேஜர் கிரேடி அதையே பெருமையா ஊரெல்லாம் சொல்லிகிட்டுத் திரிஞ்சாரு. மூஞ்சியே காட்டிக் குடுத்துருமேன்னு நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்க மாட்டோம்.

பாட்டு ஹிட் ஆச்சு. ஊர் ஊராப் போனோம். ஓட்டல்ல மெனு அட்டையக் குடுத்தா, பக்கத்துல இருக்கறவரப் பாத்து, அவருக்கு என்னாவோ அதையே எனக்கும் குடுன்னுவாரு. சிகாகோவுல நான் கூடப் போகல, ட்ரம்ஸ் அடிக்கறவரு பக்கத்துல உக்காந்து ஒரு வாரம் பூரா ஈரல் தின்னுட்டு வந்தாரு. ஈரலக் கண்டாலே ஆகாது அவருக்கு! சிரிங்க, சிரிங்க, இதுக்குச் சிரிக்கலாம், நாங்களே சிரிச்சோம். கையெழுத்துப் போட நான் சொல்லிக் குடுத்தேன். எழுத்தா இல்ல, படம் வரையற மாதிரி. இங்க ஒரு கோடு, இங்க ஒரு வளைவுன்னு. ரசிகப் பொண்ணுங்க வந்து, என் பேரையும் சேத்து எழுதுங்கன்னு கேட்டா மட்டும் வேர்த்துரும். உன் பேர நான் மனசுல எழுதிக்கறேன் கண்ணுன்னு ஒரு சிரிப்பு சிரிப்பாரு. அதுங்க மயங்கிப் போயிரும்.

அப்புறம் நியூயார்க்ல அந்த டிவி நிகழ்ச்சி. உங்கம்மாவுக்கு அதுவும் தெரிஞ்சிருக்கும். சொல்லுங்க, என்னா சொன்னாங்க? பரவால்ல, சொல்லுங்க. குடிச்சுட்டு மேடையில விழுந்தாருன்னுதானே?

எல்லாருக்கும் அதான் தெரியும்.

அன்னிக்கு நடந்தத நான் சொல்றேன். பாட்டோட மூணாவது சரணத்துல, உன் படுக்கையில என் பக்கம் இன்னும் சூடா இருக்கான்னு ஒரு வரி வரும். நிகழ்ச்சி தொடங்கப் போற நேரத்துல டிவிக்காரரு ஒருத்தரு வந்து, ஊரெல்லாம் குழந்தைங்களோட உக்காந்து பாப்பாங்க, அந்தச் சரணம் வேணாம், வேற எழுதியிருக்கோம், கவலப்படாதீங்க, பெரிய அட்டையில எழுதி கேமராவுக்குக் கீழ பிடிப்போம், பாத்துப் பாடிருங்கன்னு தோள்ல தட்டிட்டுப் போயிட்டாரு. ஒரு தடவ வாய் விட்டுப் படிச்சுக் காட்டுங்கன்னு இவரு கேட்டிருந்தா போதும். வழக்கமா மூக்குக் கண்ணாடி கொண்டு வரலன்னு ஒண்ணு சொல்லுவாரு. அன்னிக்கு அதுகூட வாயில வரல. சுத்தி அத்தன பெரிய பெரிய ஆளுங்க. என்னப் பொண்டாட்டிங்க உக்கார்ற ரூம்ல உக்கார வச்சுட்டாங்க. அங்க இருந்த டிவியிலதான் நான் பாக்கறேன்.

மொத ரெண்டு சரணமும் என்னமாப் பாடினாரு தெரியுமா! அந்த ரூம்ல இருந்த வெள்ளக்காரம்மா ஒண்ணு கைக்குட்டைய எடுத்துருச்சு. மூணாவது சரணம் வந்துச்சு. பழையத பாடக்கூடாது, புதுசு தெரியாது. கண்ணு கீழ போச்சு, அந்த அட்டைக்கு. வாயத் தொறந்தாரு. சத்தம் வரல. பேண்டுக்காரங்க பாவம், திரும்பத் திரும்ப அதே எடத்தையே வாசிக்கறாங்க. இவரு அட்டையவே பாத்துகிட்டு நிக்கறாரு. நான் அந்த ரூம்ல உக்காந்து டிவி பொட்டியப் பாத்து, பழையதையே பாடிருங்க, போனாப் போகுது பாடிருங்கன்னு முணுமுணுக்கறேன்.

அப்பத்தான் அவரு நிமிந்தாரு. என்னா தோணுச்சோ, முட்டிய மெதுவாத் தளர்த்துனாரு. மைக்கு கம்பியப் பிடிச்சுகிட்டு இப்படியும் அப்படியும் ஆடுனாரு. அசட்டுத்தனமா ஒரு இளிப்பு இளிச்சாரு. அப்புறம் கம்பியோட சேந்து கீழ விழுந்தாரு. ஒரு சொட்டு சாராயம் நாக்குல வச்சதில்ல டீச்சர் அந்த மனுஷன். கல்யாணத்தன்னிக்கு ஷாம்பெயின் குடுத்தப்பவே வேணாம்னுட்டாரு. வேணும்னே விழுந்தாரு. ஊரு பூரா பாக்க, வேணும்னே.

ரூம்ல எல்லாரும் என்னத் திரும்பிப் பாத்தாங்க. அந்தக் கைக்குட்டை அம்மா வந்து, பாவம் நீங்கன்னு என் கையப் பிடிச்சுச்சு. நானும் தலையக் குனிஞ்சுகிட்டேன், குடிகாரன் பொண்டாட்டி குனியற மாதிரி. அதுல எனக்கு ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, அத நெனச்சாத்தான் இன்னிக்கும் கூசுது. அப்பாடா, இவங்களுக்குத் தெரியலன்னு.

மறுநாள் பேப்பர்ல பெருசாப் போட்டிருந்தான். நான்தான் படிச்சுச் சொன்னேன். போதையில தள்ளாடினார்னா எழுதியிருக்கான்னு கேட்டாரு. ஆமான்னேன். வேற ஒண்ணும் எழுதலியேன்னாரு. இல்லன்னேன். நல்லதுன்னு சொல்லிட்டு காபியக் குடிச்சாரு.

சண்ட போட்டேன். உண்மையச் சொல்லித் தொலைங்க, பொழப்பு போகுதுன்னு அழுதேன். குடிகாரன்னா திட்டுவாங்க, திட்டிட்டு விட்டுருவாங்க வெர்னெல், இதுக்குச் சிரிப்பாங்கன்னாரு. அவ்ளோதான். நிகழ்ச்சி ஒண்ணொண்ணா ரத்தாச்சு. கிரேடி போன எடுக்கறத நிறுத்துனாரு. சர்ச்சுல பாஸ்டர் கூப்பிட்டு, கொயர்ல நிக்க வேணாம், பின்னால பெஞ்சுல உக்காருங்கன்னாரு. இவரு அதுக்கும் தலைய ஆட்டிட்டு வந்தாரு. அவங்கம்மா மிசிசிப்பியிலேருந்து பஸ் ஏறி வந்து, உங்கப்பன் குடிச்சே செத்தான், நீயுமாடான்னு மாரடிச்சுகிட்டு அழுதுச்சு. அந்தம்மாகிட்டயாவது சொல்லுவாருன்னு பாத்தேன். இல்லம்மா, இனிமே தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணாரு. குடிக்காத குடிய விட்டுட்டாரு.

அப்புறமா? ஸ்கூல்ல கூட்டற வேல. ஆமா, சின்னப் பிள்ளைங்க ஸ்கூல்தான். போர்டுக்கு மேல வரிசையா ஏ பி சி ஒட்டியிருக்கும், பக்கத்துல ஆப்பிள் படம், பூனைப் படம். அதுக்குக் கீழதான் இத்தன வருஷமா தொடப்பம் பிடிச்சாரு. மேல பாக்கவே மாட்டாராம். நான் ஒரு தடவ சொன்னேன், யாரும் இல்லாதப்ப ஒண்ணொண்ணாக் கத்துக்கலாமேன்னு. மூணு நாளு எங்கூடப் பேசல.

பாடறாரா? வீட்டுக்குள்ள பாடுவாரு. நான் சமைக்கும்போது. அந்தக் கத்து இன்னும் இருக்கு கண்ணு, கொஞ்சம் கம்மியா, ஆனா இருக்கு.

உங்களுக்குச் சொல்றதெல்லாம் இதுக்குத்தான். அவர மத்தவங்களோட உக்கார வைக்காதீங்க. எழுந்து நின்னு படிங்கன்னு சொல்லிராதீங்க. நீங்க மொதல்ல படிச்சுக் காட்டுனீங்கன்னா அப்படியே ஒப்பிச்சுருவாரு, படிக்கறாருன்னு ஏமாந்துருவீங்க. தப்பா சொன்னா சிரிக்காதீங்க, இருமக்கூட இருமாதீங்க. செவ்வாக்கெழம பின்வாசல் வழியா கூட்டிகிட்டு வரேன். வருவாரு. எனக்காகன்னு சொன்னா வருவாரு.

எவ்ளோ நாளாகும்? சும்மா ஒரு கடிதாசி, ஒரு பில்லு, மாத்திர டப்பா மேல இருக்கறது, அந்த அளவுக்கு?

ஒரு வருஷமா?

இல்ல, ஒரு வருஷம் ரொம்ப அதிகம். அதுக்குள்ள முடிச்சாகணும்.

ஏன் இப்பன்னு கேக்கறீங்க. நியாயந்தான், அவருக்கு அம்பத்தெட்டு வயசுல என்னா அவசரம்னு தோணும். ஒண்ணுமில்ல கண்ணு, பெரிய டாக்டர் சொல்றாரு, நான் கிறிஸ்மஸ் பாப்பேனோ என்னமோன்னு. வயித்துல. பரவிருச்சாம். அட, நீங்க ஏன் எழுந்திரிக்கறீங்க, உக்காருங்க. நல்லாத்தான் இருக்கேன், இன்னிக்கு மீன் வறுத்து வச்சுட்டுத்தான் வந்தேன்.

அவருக்குத் தெரியாது. பிரஷருக்கு மாத்திரன்னு சொல்லியிருக்கேன். ஒளிச்செல்லாம் வைக்கல, ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லையே. சக்கர டப்பா பக்கத்துலயே இருக்கு, எதுக்கு மருந்துன்னு கொட்ட எழுத்துல போட்டிருக்கு. தெனம் காலையில அவருதான் மூடியத் தொறந்து என் உள்ளங்கையில கொட்டுவாரு. கொட்டிட்டு தண்ணி குடுப்பாரு.

அதான் கேக்கறேன், மொத மொதல்ல என்னா சொல்லிக் குடுப்பீங்க? பேரு, தெருப் பேரு, அரிசி, சோப்பு, அப்படியா? நல்லது. அதுலேருந்தே தொடங்குங்க. சீக்கிரம் சொல்லிக் குடுங்க, எனக்கப்புறம் அவரு யாருகிட்டயும் போய் நிக்க மாட்டாரு, பசியோட உக்காந்திருப்பாரு. மருந்துப் பேரெல்லாம் மட்டும் கடைசியா வச்சுக்கங்க டீச்சர். ரொம்பக் கடைசியா.