ஆறு பெட்டிகளின் காற்றுத்துளைகள்

தண்ணீர் விஷயத்தில் நான் கொஞ்சம் தாராளமானவன். கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களுக்காக எங்கள் வாசலில் முப்பது வருஷமாகப் பானை வைக்கிறேன். மொட்டை மாடியில் காக்கைக்கு ஒரு கிண்ணம், தெருநாய்க்கு ஒரு சட்டி. பெரிதாக எதுவும் செய்ய எனக்கு வசதி கிடையாது. சின்னச் சின்ன நன்மைகள்தான்.

ஸ்ரீகுமார், நீங்கள் சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் வந்து கேட்பதால் ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் குண்டூசியை மேசைமேல் வையுங்கள். பெட்டித் துளையிலிருந்து நீங்கள் நோண்டி எடுத்தது கோதுமை மாவுதான்.

அந்தப் பெட்டிகள் என் மகன் கணேஷ்ராமுடையவை. பெட்டிக்கு ஒன்றாக ஆறு டரான்டுலா சிலந்திகள். உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் ரோமம். மடி ஆசாரம் பார்க்கிற வீட்டில், கரப்பான் குஞ்சு போட்டு வளர்க்க வேண்டிய பிராணி. உறவில் எல்லோரும் முகம் சுளித்தார்கள். நான்தான் மாடி அறையை ஒழித்துக் கொடுத்தேன். பால் ஊற்றுகிற வேடியப்பன் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "சேஷகிரி சாமி, இத்த ஒரு நாளிக்கு எங்க மாமியாகிட்ட வுட்டுத் தரீங்களா? இல்லாங்காட்டி செருப்பால ஒண்ணு வெச்சு கதைய முடிங்க. என்னாத்துக்கு வளத்துகினு கீறீங்க?" என்றான். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஓர் உயிரைச் செருப்பால் அடிப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

இரண்டு வருஷத்துக்கு முன் சித்தூர் ரோட்டில் லாரி மோதி கணேஷ்ராம் போய்விட்டான். பத்தாம் நாள், திருவாலங்காட்டிலிருந்து வந்திருந்த என் அக்கா பத்மா, மருமகள் சாய்லக்ஷ்மியின் காதில் விழும்படியே, "இவ கை பட்டது எது தழைச்சுது?" என்றாள். எல்லோர் முன்னாலும் நான் அக்காவை அதட்டினேன். அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்கு அனுப்பினேன். சாய்லக்ஷ்மி அதை மறக்கவில்லை. புத்தூரிலிருந்து அவள் நைனா இரண்டு தடவை வந்து கூப்பிட்டும் போகவில்லை. பக்கவாதத்தில் படுத்துவிட்ட என் மனைவி ருக்குவை அவள்தான் துடைத்தாள், புரட்டிப் படுக்க வைத்தாள், கஞ்சி ஊட்டினாள். மிச்ச நேரமெல்லாம் மாடியில் இருப்பாள். "அவர் விட்டுட்டுப் போனதுல மூச்சு விடறது இதுங்கதான் மாமா" என்பாள்.

பெட்டிகளைப் பராமரிக்கும் விதத்தை எனக்கும் அவள் சொல்லியிருந்தாள். தேங்காய் நார்த்தூளில் ஒரு மூலை மட்டும் ஈரமாக இருந்தால் போதும். தண்ணீர் கிண்ணத்தில் நிற்க வேண்டும், சுவரில் வழியக் கூடாது. ஒரு பக்கம் கீழே துளைகள், எதிர்ப்பக்கம் மேலே துளைகள். காற்று ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேறும். "கொஞ்சம் காஞ்சா பொறுத்துக்கும் மாமா. புழுங்கினா செத்துடும்" என்றாள். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

பிறகுதான் நீங்கள் அவளுக்கு எழுதினீர்கள். உங்கள் சிலந்திப் பண்ணையில் வேலை, தங்க இடம், இந்த ஆறையும் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம் என்று. முதலில் பதினெட்டு நாள் வந்து பழகிப் பார்க்கச் சொன்னீர்கள். ருக்குவுக்கு ஓர் ஆயாவை அவளே ஏற்பாடு செய்தாள். நான் தடை சொல்லவில்லை. புளியோதரை கட்டிக் கொடுத்து, ரயிலடி வரைக்கும் போய் ஏற்றிவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக அவள் முகத்தை இரண்டு வருஷமாக நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது யோசித்தேன். ஆயா வருவாள், போவாள். ருக்குவின் முனகலுக்கு அர்த்தம் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். இரு என்று சொன்னால் எனக்காக இருப்பாள், ஆனால் மனசு அங்கேயே கிடக்கும். அப்படி வற்புறுத்துவது நியாயம் இல்லை. எடுத்துக்கொண்டு போக ஒன்றும் இல்லாவிட்டால் அவளாகவே நின்றுவிடுவாள். அதுதான் யாருக்கும் நோகாத வழியாக எனக்குப் பட்டது.

ஐப்பசி மழைக்காலம். முதல் இரண்டு நாள் பெட்டிகளில் தண்ணீர் மட்டும் தெளித்தேன். காலையில் ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு. தண்ணீர் கொடுப்பதை யாரும் பாவம் என்று சொல்ல முடியாது. ஆனால் துளைகள் வழியே ஈரம் போய்க்கொண்டே இருந்தது.

மலைக்கோயில் மடப்பள்ளியில் நாற்பது வருஷம் ஆவியோடு வேலை செய்தவன் நான். பெரிய அண்டாவில் ஆவி கட்ட வேண்டுமென்றால் மூடியின் விளிம்பைச் சுற்றி மாவைப் பிசைந்து அப்புவோம். ஓர் இழை ஆவிகூட வெளியே போகாது. வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்தால் தடம் தெரியாமல் வந்துவிடும். மூன்றாம் நாள் ஆறு பெட்டிகளின் துளைகளையும் அப்படி அடைத்தேன்.

தினமும் காலை ஏழு மணிக்கு அவள் போட்டோ கேட்பாள். பெட்டிக்குள் ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் இருக்கிறதே, அது தொண்ணூற்றைத் தாண்டி நின்றது. அதை வெளியே எடுத்து மின்விசிறி முன்னால் பிடிப்பேன். அறுபத்தைந்துக்கு இறங்கியதும் உள்ளே வைத்து, சுவரைத் துடைத்து, மீட்டர் மட்டும் தெரியும்படி போட்டோ எடுத்து அனுப்புவேன். கொஞ்சம் சிரமம்தான். ஆனால் போன இடத்தில் அவள் கவலைப்படக் கூடாது இல்லையா. "நீங்க இருக்கறதால நிம்மதி மாமா" என்று பதில் வரும். அந்த வார்த்தையில் எனக்கும் மனசு நிறையும்.

ஒன்பதாம் நாள் நார்த்தூளில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தது. சின்னவை முதலில் போயின. தரையில் இருக்க முடியாமல் சுவரில் ஏறி, துளை இருந்த இடத்தைக் கால்நுனியால் தடவித் தடவிப் பார்த்தன. பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஸ்கந்த நாமம் சொல்லிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எந்த உயிரும் தனியாகப் போகக் கூடாது. பெரியதுக்குப் பன்னிரண்டு வயது. இன்னும் பத்து வருஷம் இருக்கும் என்று சாய்லக்ஷ்மி சொல்லியிருந்தாள். பதினாறாம் நாள் அது எட்டுக் கால்களையும் வயிற்றுக்கடியில் மடக்கிக்கொண்டது. ஆறுக்கும் விபூதி இட்டேன். பிறகு மாவை எடுத்து, ஜன்னலைத் திறந்து, எல்லாவற்றையும் உலர வைத்தேன். ஒரு துளையை மட்டும் கவனிக்கவில்லை. கண் முன்போல் இல்லை.

நான் போனில் எதுவும் சொல்லவில்லை. பதினெட்டு நாள் முடிந்து சாய்லக்ஷ்மி வந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. நார்த்தூளில் படர்ந்திருந்த பூஞ்சையைத் தொட்டுப் பார்த்து, "போறதுக்கு முன்னாடி நான்தான் புது நார்த்தூள் போட்டேன். அதிகமா நனைச்சுட்டேன் போல" என்றாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்குப் பத்மா பெரியத்தை சொன்னாங்களே. அது நெசம்தானோ மாமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. நான் பேசவில்லை. அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். பொய் சொல்கிற பழக்கம் எனக்கு எப்போதும் இல்லை.

அன்றிலிருந்து அவள் எதையும் தொடுவதில்லை. துளசிக்குத் தண்ணீர் ஊற்றமாட்டாள். அடுத்த வீட்டுக் குழந்தை தாவினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். தான் தொட்டால் ருக்கு போய்விடுவாள் என்று அந்த அறைக்குள்ளும் போவதில்லை. ஆயாவும் நின்றுவிட்டாள். ருக்குவை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சாய்லக்ஷ்மிக்கும் சாதம் பிசைந்து நானே ஊட்டுகிறேன். தன் கையால் எடுத்தால் அவளுக்குத் தொண்டையில் இறங்குவதில்லை. இரண்டு பேருக்கும் செய்ய எனக்குத் தெம்பு இருக்கிறது. குறையாக நினைக்கவில்லை.

அவளிடம் உண்மையைச் சொல்லப் போவதாகச் சொல்கிறீர்கள். சொல்லுங்கள், நான் தடுக்கமாட்டேன். போன வாரம் போனில் துளைகளைப் பற்றி நீங்கள் விசாரித்தபோதே இப்படி வருவீர்கள் என்று தெரியும். அதனால் நேற்றே அவளிடம் பேசிவிட்டேன். சென்னைக்காரர் நல்ல மனிதர், உன் பாரத்தைக் குறைப்பதற்காகப் பழியைத் தூக்கி என்மேல் போடுவார், மாவு அது இது என்று எதையாவது காட்டுவார், உனக்கு மனசு ஆறுமென்றால் நீ அதையே நம்பிக்கொள் அம்மா, நான் சுமந்துகொள்கிறேன் என்று சொன்னேன். அவள் அழுதாள். ஆறும் செத்ததற்கு அழாதவள், எனக்காக அழுதாள். "உங்களைப் பத்தி யார் என்ன சொன்னாலும் காதுல வாங்கமாட்டேன் மாமா" என்றாள்.

உள் அறையில்தான் இருக்கிறாள். போய் மெதுவாகப் பேசுங்கள். உங்கள்மேல் கோபப்பட வேண்டாம் என்று அவளிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறேன்.