கிழிய வேண்டிய மூலை

எனக்குக் கோபமே வராது, சார். வீட்டோட மாப்பிள்ளைக்கு அது கட்டுப்படியாகாது.

கட்டடம் மாமனாரோடது. அதிகாரம் பண்றது மச்சான், என் வீட்டுக்காரியோட அண்ணன். இரும்புத் தூணும் உத்தரமும் வச்சுக் கட்டின பழைய ஆறு மாடி. ஒரு தூண் போனா அதுக்கு மேல இருக்கிற தளம் விழும். விழும்போது பக்கத்துத் தளத்தையும் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போகும். அப்படியே மொத்தமும் படுத்துடும். பலப்படுத்தணும்னு உத்தரவு வந்துச்சு. மாப்பிள்ளையே இன்ஜினியர், வெளி ஆள் எதுக்கு, தண்டச்செலவுன்னு மச்சான் என்னைப் பிடிச்சுப் போட்டாரு.

ரெண்டு வழி இருக்கு, சார். தூணும் உத்தரமும் சேருற மூட்டுக்கு மூட்டு தகடு வச்சு வெல்டிங் பண்ணி இறுக்கலாம். தூண் போனாலும் பக்கத்து உத்தரம் சுமையை வாங்கிக்கும். இல்லேன்னா ஒரு கோட்டுல பிடிப்பைத் தளர்த்தி விட்டுடலாம். சட்டை கிழிஞ்சா தையலோட நிக்குமில்ல, அந்த மாதிரி அந்தத் துண்டு மட்டும் விழும், மிச்சம் நிக்கும். நான் ரெண்டையும் செஞ்சேன். கட்டடம் பூரா இறுக்கினேன், வடக்கு மூலையை மட்டும் தளர்த்தினேன். மச்சான் ரூம் அங்கதான்.

ஆளுங்க முன்னாடி சொல்லுவாரு: “மாப்பிள்ளை கட்டடத்தைத் தாங்குறாரு, நாங்க மாப்பிள்ளையைத் தாங்குறோம்.” வெல்டருங்க சிரிப்பானுங்க, போகட்டும். என் வீட்டுக்காரியும் சேர்ந்து சிரிப்பா, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியல.

மூலைத் தூண்கிட்டதான் சரக்கு லாரி வந்து நிக்கும். தூணைச் சுத்தி இருந்த தடுப்புக் கம்பங்களைப் பெயின்ட் அடிக்கணும்னு சொல்லிக் கழட்ட வச்சேன். தூணோட அடி போல்ட்டுகளை நானே கழட்டினேன். அன்னைக்குக் காலையில முழுச் சுமையோட ஒரு லாரி வந்துச்சு. டிரைவர் இடத்துக்குப் புதுசு. பின்னாடி நின்னு கை காட்டினது நான்தான். “வரலாம், வரலாம், இடமிருக்கு.” அந்த ஆளை விட்டுடுங்க, பாவம்.

ஜன்னலுக்குத் திரை பாக்க என் வீட்டுக்காரி அண்ணன் ரூமுக்குப் போயிருந்தா. மாடி ஏறினதைப் பாத்தேன். பாத்தப்புறமும் வரலாம்னுதான் சொன்னேன்.

லாரி தூண்ல இடிச்சு எழுந்த புழுதி அடங்கினதும், விழாம நின்ன பக்கத்துப் படியில ஏறி, மூட்டுகளைப் பாத்தேன். தளர்த்தின கோட்டோட சுத்தமா விட்டிருந்துச்சு. இந்தப் பக்கம் ஒரு போல்ட்டுகூட அசையல. இங்க வேலை பாத்தவங்க அத்தனை பேரும் நடந்து வெளிய வந்தாங்க. அதை மட்டும் நீங்க எழுதிக்கவே மாட்டேங்கிறீங்க.

அப்பதான் இடிபாட்டுக்குள்ளேருந்து “ஏங்க... ஏங்க...”ன்னு குரல். மச்சான் சத்தமே இல்ல. ஆறு மாடி மூட்டுகளையும் பாத்து முடிக்காம எப்படி இறங்குறது? முடிச்சுட்டு இறங்கினேன். குரல் நின்னுபோயிருந்துச்சு.

அவ எப்பவும் அப்படித்தான், சார். நான் வேலையா இருக்கும்போதுதான் கூப்பிடுவா.