சீருடைக்குத் திறந்த கதவு

அவைக்கும் நாற்காலிக்கும் நிறைவு தரும் காவலாளிகள் சங்கத் தலைவர் அவர்களே! நின்று நின்றே கால் கடுத்த மூத்தோரே! ஊர் வீட்டை நாங்கள் காக்க, எங்கள் வீட்டைக் காத்த தாய்மார்களே! பணிப்பழக்கத்தால் பின்வரிசையில் கண்ணயர்ந்துவிட்ட தோழர்களே! வணங்கித் தொடங்குகிறேன்.

இன்றைய தீர்மானம் என்ன? என் மைத்துனரை, சங்கம் வாங்கித் தந்த வேலையிலிருந்து நீக்குவது! குற்றம் என்ன? குடியிருப்பு வாயிலில் தலைவரையே தடுத்தார். தலைவர் அடையாள அட்டையைக் காட்டியும், அதிலிருந்த படத்தைப் பார்த்து "இவரு இன்னும் வரலீங்க" என்று சொல்லி, தலைவர் வரும்வரை தலைவரையே வெயிலில் காக்கவைத்தார். சிரிக்காதீர்கள், தலைவர் பார்க்கிறார்.

குடிபோதை என்கிறீர்கள். இல்லை! அவருக்கு எச்.ஐ.வி. தொற்று. அவரே சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். நாற்காலியை நகர்த்துகிறவரே, பக்கத்தில் அமர்ந்தால் தொற்றாது, உட்காருங்கள்.

மருத்துவர் விளக்கினார். மூளைக்கும் காவல் உண்டு. இரத்தக்குழாய்ச் சுவரில் உயிரணுக்கள் தோளோடு தோள் நெருக்கி நிற்கின்றன. கண்டதையும் உள்ளே விடாத காவல்! கட்டுக் குலையாத காவல்! பிறகு கிருமி எப்படி நுழைகிறது? இரத்தத்தில் ரோந்து சுற்றும் வெள்ளணுவுக்குள் ஒளிந்து, சீருடையோடு வருகிறது! காவலும் சல்யூட் அடித்து உள்ளே விடுகிறது! "நம்மள மாதிரியே" என்கிறார் ஒருவர். ஆம் ஐயா, சீருடையில் வந்த திருடனுக்குக் கதவைத் திறந்து, சோபாவையும் வண்டியில் ஏற்றிவிட்டவர்கள் நாம்தானே!

உள்ளே போனதும் மூளையின் பராமரிப்பு அணுக்களைப் பிடிக்கிறது. நச்சு கசிகிறது, அழற்சி மூள்கிறது, நெருங்கி நின்ற தோள்கள் விலகுகின்றன, அந்த இடைவெளியில் இன்னும் பல நுழைகின்றன. நரம்பணுவைக் கிருமி நேரில் பிடிப்பதில்லை. பக்கத்து வீட்டுப் புகையிலேயே அது வாடுகிறது. நினைவு தடுமாறுகிறது, கவனம் சிதறுகிறது.

மருந்து இல்லையா? இருக்கிறது! கிருமியை அடக்கும் மாத்திரை. அதை ஏன் நிறுத்தினார்? "காவலறையில யாராவது பாத்துட்டா வேலை போயிடும் மாமா" என்றார். தோழர்களே, கிருமிக்குப் பயப்படவில்லை அவர், நமக்குப் பயந்தார்! எனக்கு வெட்கமாக இருக்கிறது. இப்போது மீண்டும் மாத்திரை சாப்பிடுகிறார். தேறுவார், ஆனால் எவ்வளவு என்று மருத்துவரும் உறுதி சொல்லவில்லை. சீருடை போட்ட திருடனுக்குத் திறந்தோமே, சீருடை போட்ட நம் தோழனுக்கு மூடுவதா?

தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் கை தூக்குங்கள்! தலைவரே, நெற்றியைத் துடைக்கத்தான் தூக்கினீர்கள் என்றாலும் எண்ணிக்கையில் சேர்த்துவிட்டோம். தாய்மார்களும் தூக்கிவிட்டார்கள். மாப்பிள்ளை, நீ மட்டும் ஏன் சும்மா இருக்கிறாய்? என்ன கேட்கிறாய்?

"எதுக்குக் கை தூக்குறாங்க, மாமா?" என்று கேட்கிறார்.

உன் வேலைக்குத்தான்பா. நீயும் தூக்கு.

அவையோரே, அவர் கை மேலே வரும்வரை உங்கள் கைகளை இறக்காதீர்கள். மெதுவாகத்தான் வரும். காத்திருக்கும் உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.