கைகள் மட்டும்

அடுத்தவர் வேலை செய்வதை உட்கார்ந்து பார்ப்பதில் மனிதர்களுக்கு ஒரு சுகம் இருக்கிறது. சாலையில் பள்ளம் தோண்டினால்கூட நாலு பேர் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். எங்கள் சேனல் அந்தச் சுகத்தை நம்பி ஓடியது. அதில் வேறு வித்தை எதுவும் கிடையாது.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்கும் அதுதான் வசதி. பாடப் புத்தகங்கள் அச்சிடும் அச்சகம் ஒன்றில், அதை மூடும்வரை, பிழை திருத்திக்கொண்டிருந்தவள் நான். பேசும்போது தடுமாறுவேன், எழுதும்போது தடுமாற மாட்டேன்.

என் தங்கை தையல்காரி. ஒரு மழை நாளில் ஒரு பையோடும், போர்வையில் சுற்றிய தையல் மெஷினின் தலையோடும் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அக்கா, வாடகை தர மாட்டேன். ஆனா உன் கிழிசல் எல்லாம் தைச்சுக் குடுப்பேன். சம்மதமா?" என்றாள். உதடு வீங்கியிருந்ததால் அந்த வேடிக்கைப் பேச்சு கொஞ்சம் குழறி வந்தது. அவளை அடித்தது அவள் கணவர். அவரை உங்களுக்குத் தெரியும், அடுத்த அறையில்தான் வைத்திருக்கிறீர்கள். அச்சகம் மூடியபின் ஊருக்குள்ளேயே நான் வீடு மாறியிருந்தேன், அந்த விலாசம் அவருக்குத் தெரியாது.

வந்த புதிதில் அவள் வீட்டை விட்டு வெளியே காலெடுத்து வைக்கவில்லை. மாடி அறையில் ஒரே மேஜையில் அவள் தைப்பாள், நான் எதிரே உட்கார்ந்து படிப்பேன். பொழுது போகாமல் ஒருநாள் அவள் கைகளை என் போனில் படம் எடுத்தேன். இறந்துபோன ஒருவரின் சட்டையை அவருடைய பேத்திக்கு கவுனாக மாற்றிக்கொண்டிருந்தாள். அதை இணையத்தில் போட்டோம். காலையில் எழுந்து பார்த்தால், முன்பின் தெரியாத பெண்கள் அந்தச் சட்டைக்காக அழுதிருந்தார்கள். சேனல் ஆரம்பித்த கதை அவ்வளவுதான்.

அவள் சில விதிகள் வைத்திருந்தாள். முகம் தெரியக்கூடாது, குரல் கேட்கக்கூடாது. ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும். எடுத்த வீடியோவை உடனே போடாமல் ஆறப் போட்டுத்தான் போட வேண்டும். மணிக்கட்டில் இருந்த சூட்டுத் தழும்பின் மேல், ஊசி குத்தி வைக்கும் சிறு திண்டைக் கட்டிக்கொள்வாள். பார்ப்பவர்கள் அதைத் தொழில் நேர்த்தி என்று நினைத்தார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு. எங்கள் தெருக்கோடியில் ரயில்வே கேட் இருக்கிறது. ரயில் வரும்போது அதன் மணி இரண்டு முறை சரியாக அடித்து, மூன்றாவது அடியில் இருமும். பழைய மணி, யாரும் சரி செய்யவில்லை. அந்தச் சத்தம் ஒரு வீடியோவிலும் வரக்கூடாது. "கேட்டுக்கு மறுபடி இருமல் வந்துடுச்சு, வெட்டிடுக்கா" என்பாள். வெட்டிவிட்டு மேலே இசையைப் போடுவேன்.

அவள் கமெண்ட்டுகளைப் படிக்கமாட்டாள். "அதெல்லாம் உன் டிபார்ட்மெண்ட். எனக்குத் துணி பேசினாப் போதும்" என்பாள். அவள் பெயரில் பதில் எழுதியது நான்தான். எல்லாக் கமெண்ட்டுக்கும் ஒரு ஹார்ட் போடுவது வழக்கம். வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று சொல்வதுபோல.

நூல் கம்பெனி விளம்பரத்தை எங்களுக்குப் பிடித்துக் கொடுத்தவர் ஒரு மார்க்கெட்டிங்காரர். எதைச் சொன்னாலும் சூப்பர் என்பார். என் தங்கை அவருக்கு 'சூப்பர் சார்' என்றே பெயர் வைத்துவிட்டாள். "அவர் வீட்ல யாராவது செத்துட்டாங்கன்னு சொன்னாக்கூட சூப்பர்னுதான்க்கா சொல்வாரு" என்று சிரிப்பாள். அது உண்மையில்லை என்று பின்னால் தெரிந்தது.

ஒருநாள், தன் முகத்துக்குப் பதில் மோட்டார் சைக்கிள் படம் வைத்திருந்த ஒருவர் வீடியோவின் கீழே எழுதியிருந்தார்: "மடிப்பு கோணல். சொன்னா கேக்க மாட்டா."

பெயர் பொய்ப் பெயர். ஆனால் அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். என் பழைய வீட்டுக்கு விருந்தாளியாக வந்தபோதெல்லாம், அவள் கணவர் அவள் பிடரியில் கை வைத்தபடி, சிரித்துக்கொண்டே சொல்வார். கைகளைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். எட்டு வருடம் பார்த்த கைகள், கண்டுபிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அழித்துவிட்டு அவரைத் தடை செய்திருக்க வேண்டும். விரல் அதற்குத்தான் போனது. அதற்குள் பெண்கள் அவர்மேல் பாய்ந்திருந்தார்கள். "ஐயா பெரிய டெய்லரு, வந்து தைச்சுக் காட்டுங்க பாப்போம்." "உங்க வீட்டம்மா பாவம்." "கோணல் மடிப்புல இல்ல, உங்க கண்ணுல." அந்த வாரம் எங்கள் வீடியோ இதுவரை போகாத இடமெல்லாம் போனது. சூப்பர் சார் போன் செய்தார். "அந்தாளை மட்டும் விட்டுடாதீங்க மேடம். சண்டை நடக்கிற வீட்டு வாசல்லதான் கூட்டம் நிக்கும்." அந்த ஆள் யார் என்று சூப்பர் சாருக்குத் தெரியாது. நான் சொல்லவுமில்லை.

அந்தக் கமெண்ட்டை எல்லாவற்றுக்கும் மேலே பின் செய்து வைத்தேன். என் தங்கை பெயரில் பதில் எழுதினேன்: "கோணலா? வந்து அளந்து காட்டுங்களேன்." வேடிக்கையாகத்தான்.

அவர் தினமும் வந்தார். முதலில் குத்தல். பிறகு தணிந்தார். "கை இளைச்சுப்போச்சு. ஒழுங்கா சாப்பிடறியா?" என்று ஒருமுறை எழுதினார். "சாப்பிடறேன்" என்று எழுதினேன். இந்த மனிதரைத் திட்டாதீர்கள், இவர் உள்ளே ஏதோ வலி இருக்கிறது என்று சில பெண்கள் எழுதினார்கள். இவர்கள் இருவரும் சேர வேண்டும் என்றுகூட ஒருத்தி எழுதினாள். என் தங்கையும் அவள் கணவரும் ஊரறியப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு மட்டும் தெரியாது.

இதில் தவறு இருப்பதாக எனக்கு அப்போது படவில்லை. அவர் எங்கே இருக்கிறார், என்ன மனநிலையில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. அதுவும் ஒருவகைக் காவல்தானே என்று நினைத்தேன்.

பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள். வேறு ஊரில் ஒரு தையல் பள்ளி அவளை ஆசிரியையாக எடுத்துக்கொண்டிருந்தது. தங்க அறையும் தருவார்களாம். சேனலை மூடிவிடலாம் என்றாள்.

"கையை மட்டும் வெச்சுக்கிட்டு எத்தனை நாள்க்கா இருக்கிறது? எனக்கு மூஞ்சியும் இருக்குல்ல."

"இருக்கு, இருக்கு. கழுவிட்டுப் போ" என்றேன்.

"நீயும் வாயேன்."

"நான் அங்க வந்து என்ன பண்ண?"

"இங்க என்ன பண்றியோ அதையே. என்னை எடிட் பண்ணு."

இருவரும் சிரித்தோம். நல்ல செய்தி என்று சொன்னேன். அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தேன். அவள் என்னைக் கூப்பிட்டது ஒரு பேச்சுக்கு என்று எனக்குத் தெரிந்தது. ஒருவேளை உண்மையாகவே கூப்பிட்டிருக்கலாம். அதை இனிமேல் யாரிடம் கேட்பது?

அந்தச் சமயத்தில்தான் வலையில் ஒரு புதுப் பழக்கம் பரவியது. இசை இல்லாத வீடியோ. "மியூசிக்கைத் தூக்கிடுங்க மேடம். கத்தரிக்கோல் சத்தம், மெஷின் சத்தம், ஜன்னலுக்கு வெளிய என்ன கேக்குதோ அது. ஜனங்க அதைக் கேட்டுக்கிட்டே தூங்கறாங்க. எல்லாரும் இதைத்தான் பண்றாங்க, சூப்பரா போகுது" என்றார் சூப்பர் சார். வெயில் நாள். புழுக்கமாக இருக்கிறது என்று ஜன்னலைத் திறந்தேன். ஒரு கோட்டுக்குப் புது உள்துணி வைத்துக்கொண்டிருந்தவள், மணி அடித்ததும் நிமிர்ந்து பார்த்தாள். படம் ஓடும்போது பேச மாட்டாள். இரண்டு விரல்களைக் கத்தரிபோல் அசைத்துக் காட்டினாள். நான் தலையாட்டினேன்.

வெட்டவில்லை. ஆறப் போடவும் இல்லை. அன்றைக்கே வெளியிட்டேன்.

சத்தத்தைக் கேட்டு இடத்தைக் கண்டுபிடிப்பது ஒரு விளையாட்டாக ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. துறைமுகம் என்றார்கள், மலையூர் என்றார்கள், ஏதோ நாட்டின் பெயரைச் சொன்னார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட ஒரு பெண்மணி எழுதினார்: "பிஸ்கட் ஃபாக்டரிக்குப் பின்னால இருக்கற கேட். மூணாவது அடியில இருமும். கல்யாணமான புதுசுல அந்தத் தெருவுலதான் குடியிருந்தோம். இன்னும் சரி பண்ணலையா?" பாவம், ஆசையாக எழுதியிருந்தார். அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

எல்லாக் கமெண்ட்டுக்கும் ஹார்ட் போடும் பழக்கத்தில் அதற்கும் போட்டுவிட்டேன் என்று முதல்நாள் உங்களிடம் சொன்னேன். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள்.

அதில் ஒரு பிழை இருக்கிறது. திருத்திவிடுகிறேன். அந்த வீடியோவில் நான் வேறு எந்தக் கமெண்ட்டுக்கும் ஹார்ட் போடவில்லை. சரியான பதில் வரும்வரை காத்திருந்தேன். அந்த ஒன்றுக்கு மட்டும் போட்டேன். மோட்டார் சைக்கிள்காரர் அதன் கீழே எதுவும் எழுதவில்லை. அதற்குப் பிறகு அவர் எழுதவே இல்லை.

ஏன் என்று கேட்பீர்கள். அவளுக்குக் கெடுதல் நினைத்தவள் இல்லை நான். அவள் பயந்திருந்த நாட்களில் எங்கும் போகாமல் இருந்தாள். தெருவில் வண்டி நின்றால் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். ஒரே மேஜை, ஒரே விளக்கு, எதிரெதிரே நாங்கள். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிப் பிடித்துக்கொண்டதில்லை. அவர் ஒருமுறை வந்து வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனால், அவள் பயணத்தைத் தள்ளிப்போடுவாள் என்று நினைத்தேன். கொஞ்சம் பயம். அவ்வளவே.

அவர் ஒரு மத்தியான வேளையில் வந்தார். நன்றாகச் சவரம் செய்து, தலை வாரியிருந்தார். கையில் மடித்த சட்டை. "இதுக்கு ஒரு பட்டன் வைக்கணும், அண்ணி" என்றார். பழைய பழக்கத்தில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "மேல இருக்கா" என்றேன். அவர் படியேறினார். நான் படித் திருப்பத்தில் நின்றேன்.

அவள் கத்துவாள், உடனே ஓடிப் போகலாம் என்று நினைத்திருந்தேன். தெருவில் கேட் மணி அடித்தது. ரயில் வந்தது, போனது. மேலே சத்தமே இல்லை. பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். அவர் இறங்கி வந்தபோது சட்டை அவர் கையில் இல்லை. என்னைப் பார்த்து, "சொன்னா கேக்க மாட்டா" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கத்தரிக்கோல் மேஜையின் வலது பக்கம் இருந்திருக்கும். அது எப்போதும் இருக்கும் இடம்.

அவள் கத்தவில்லை. நீங்கள் எடுத்துப்போன கேமராவில் அது இருக்கும், படம் ஓடிக்கொண்டிருந்தது.

இங்கேயும் ஒரு திருத்தம். ஏன் கத்தவில்லை என்று தெரியவில்லை என்று உங்களிடம் சொன்னேன். தெரியும். சூப்பர் சார் கேட்டதற்காக ஒருமுறை அவள் தன் கதையைக் குரலாகப் பதிவு செய்தாள். பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நடுவில் வந்த ஒரு இருமலை எடுப்பதற்காக, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "கத்தினா அவருக்குக் கோவம் இன்னும் அதிகமாகும். அதனால நான் சத்தமே போட மாட்டேன்." அவ்வளவு தடவை கேட்ட ஒன்றைப் படித் திருப்பத்தில் நிற்கும்போது மறந்துவிட்டேன் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை.

சூப்பர் சாருக்கு நான்தான் போன் செய்து சொன்னேன். அவர் சூப்பர் என்று சொல்லவில்லை. வெகுநேரம் அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, இருப்பில் எத்தனை வீடியோ இருக்கிறது மேடம் என்று கேட்டார்.

நிறைய இருக்கிறது. அவள் கடும் உழைப்பாளி. நேரம் குறித்து வைத்திருப்பதால் அவை தாமாகவே வெளியாகும். வாரம் தவறாமல் அவள் கைகள் வருகின்றன, ஊசியில் நூல் கோக்கின்றன, ஓரத்தை மடிக்கின்றன. எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா என்று பெண்கள் கேட்கிறார்கள். நீங்கள் போனை வாங்கிக்கொள்ளும்வரை, சாப்பிட்டேன், நல்லா இருக்கேன் என்று பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அவர் செய்ததை அவர் ஒப்புக்கொண்டுவிட்டதாகச் சொன்னீர்கள். நான் செய்ததை இங்கே எழுதிவிட்டேன். இடத்தைக் காட்டியது நான், கதவைத் திறந்தது நான், படியில் நின்றது நான். கையெழுத்தும் போட்டுவிடுகிறேன்.

ஒன்றுக்கு மட்டும் என்னை வற்புறுத்தாதீர்கள். சேனலை மூடவேண்டும், பாஸ்வேர்டைக் கொடுங்கள் என்று கேட்கிறீர்கள். அது என்னுடையதல்ல, அவளுடையது. அவளைக் கேட்காமல் நான் எதுவும் செய்ததில்லை.