இடது முன்சக்கரம்

வண்டியை எங்கே சர்வீசுக்கு விடுவது என்று தெரியாதவர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். அலுவலகத்தில், மாடி வீட்டில், பல் டாக்டரின் வரவேற்பறையில்கூடக் கேட்டிருக்கிறார்கள். நான் சட்டென்று பதில் சொல்லிவிட மாட்டேன். வண்டிக்கு என்ன வயது, யார் ஓட்டுகிறார்கள், எவ்வளவு தூரம் போகிறார்கள் என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் இடத்தைச் சொல்வேன். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

நான் சொல்வது இரண்டு பட்டறைகளில் ஒன்றைத்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது ஒரு அம்மாவுடையது. சிரிக்கவே மாட்டார். ஒவ்வொரு சக்கர நட்டையும் தானே முறுக்கிப் பார்த்து, அதன்மேல் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுப்பார். கோடு இல்லாத வண்டி அவர் வாசலைத் தாண்டாது. மூன்று நாள் ஆகும்.

இன்னொன்று சந்தைக்குப் பின்னால் இருக்கிறது. அந்த மேஸ்திரியைப் பாட்டுக்காரர் என்போம். நல்ல மனுஷர். அரை நாளில் முடித்துவிடுவார். சக்கரத்தை மாட்டும்போது நட்டுகளை விரலால் மட்டும் திருகிவைப்பார். ஜாக்கியை இறக்கிய பிறகுதான் ஸ்பானர் போட்டு இறுக்குவார். அது சரியான முறைதான். ஆனால் அந்த இடைவெளியில் யாராவது பேச்சுக் கொடுத்தால், பேசி முடித்ததும் இறுக்கிவிட்டதாகவே நினைத்துக்கொள்வார். என் வண்டியிலேயே இரண்டு முறை அப்படி ஆனது. நானே இறுக்கிக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை, மனசு கஷ்டப்படுவாரே என்றுதான்.

அத்தானுக்கு நான் சொன்னது பாட்டுக்காரரை.

அத்தான் என் அக்காவின் கணவர். அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். அம்மா போன பிறகு எனக்கு எல்லாமே அவள்தான். அவளுக்குக் கல்யாணம் ஆன பிறகும் அவர்கள் வீட்டு முன்னறை என்னுடையதாகவே இருந்தது. அத்தான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. தன் சட்டையோடு சேர்த்து என் சட்டையையும் இஸ்திரி போட்டுவைப்பார். அவருக்கு வேலை வேறு ஊருக்கு மாறியது. மலைப்பாதையில் ஏழு மணி நேரம்.

"உனக்கு முப்பத்தி நாலு வயசாச்சு மச்சான். இனிமேலாவது உங்க அக்காவை எனக்கும் கொஞ்சம் விட்டுக்கொடு" என்றார். அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சிரித்திருக்க வேண்டாம்.

"சரி, கிளம்புறதுக்கு முன்னாடி வண்டியை எங்க விடலாம்? நீதானே இதுல பெரிய ஆளு."

"பாலத்தம்மாகிட்ட விட்டா மூணு நாள் இழுத்தடிப்பாங்க அத்தான். பாட்டுக்காரர்கிட்டயே விடுங்க."

மறுநாள் பதினொன்றேகாலுக்குப் பட்டறை பெஞ்சில் உட்கார்ந்தபடி அத்தான் போன் செய்தார். "முடியப்போகுதுடா. கடைசிச் சக்கரம் மாட்டிட்டு இருக்காரு, முன்னாடி இடது பக்கம்." அவர் வைத்ததும் நான் பாட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது, விசாரித்தேன். பன்னிரண்டு நிமிடம் பேசினோம். மூக்கு யாரைப் போல என்பதிலேயே நாலு நிமிடம் போயிற்று. பேச்சோடு பேச்சாக ஜாக்கி இறங்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகும் பேசிக்கொண்டிருந்தேன். குழந்தை பிறந்த வீட்டை விசாரிப்பது குற்றமா, சொல்லுங்கள்.

சாயங்காலம் அத்தான் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"மச்சான், இடது பக்கம் லேசா டக்டக்னு வருதே?"

"புது பிரேக் பேட் அத்தான். நூறு கிலோமீட்டர் ஓடினா அடங்கிடும்."

"நீ சொன்னா சரி."

இப்போது சாப்பிட உட்கார்ந்தால் அந்த மூன்று வார்த்தைதான் காதில் விழுகிறது. தட்டைத் தள்ளிவைத்துவிடுகிறேன்.

எட்டாவது வளைவில் சக்கரம் கழன்றது. அந்தப் பள்ளத்தை நீங்கள் இறங்கிப் பார்த்தீர்கள். நான் பார்க்கவில்லை.

பாட்டுக்காரர் உங்கள் காவலில் இருக்கிறார். "நான்தான் இறுக்காம விட்டுருப்பேன், நான்தான்" என்று தலையில் அடித்துக்கொள்கிறாராம். பேத்தியை இன்னும் கையில் வாங்கவில்லையாம். அதைக் கேட்ட பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. அவரை விட்டுவிடுங்கள். போன் செய்தது நான். சத்தம் எதனால் என்று தெரிந்தும் பொய் சொன்னது நான்.

ஆனால் ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அத்தானைக் கொல்ல நான் நினைக்கவில்லை. ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் சக்கரம் ஆடும், வண்டியை ஓரம் கட்டுவார்கள், பயணம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஒரு வாரம் கிடைத்தால் அக்காவின் மனம் மாறிவிடும் என்று நினைத்தேன். யார் மேலும் ஒரு கீறல்கூட விழாது என்று மனதார நம்பினேன்.

கிளம்பிய அன்று காலை அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் சரிந்தேன். அவள் கதவைத் திறந்து ஓடிவந்தாள். அத்தானும் இறங்கப் பார்த்தார். எனக்கு ஒன்றுமில்லை, நீங்க கிளம்புங்க அத்தான், அக்கா நாளைக்கு பஸ்ல வந்துருவா என்று நான்தான் அவரை அனுப்பிவைத்தேன்.